இலவச மருத்துவத்துக்கு ஒரு நாள் கூலி

ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கடலாடி, கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்து ஊர்களில், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் "என்ன செய்யுது?" என்று கேட்ட வாயோடு அடுத்து வருகிற கேள்வி "இப்ப பஸ் இருக்கா?" என்பதுதான். காலை பஸ் போய்விட்டது என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு நூறு நாள் வேலை என்றால் நாளை மறுநாள். அதற்குள் காய்ச்சல் தானாக விட்டுவிட்டால் சரி. விடவில்லை என்றால் பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை, அதற்கும் அடங்கவில்லை என்றால் கடைத்தெருவில் ஊசி போடுகிற ஆள், அவரும் கைவிட்ட பிறகுதான் அரசு ஆஸ்பத்திரி. இதைப் பார்த்துவிட்டு "கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் பிறந்து வளர்ந்தது இந்த வட்டாரத்தில், என் சொந்தபந்தம் முழுக்க இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு விழிப்புணர்வு தாராளமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்க ஒரு முழு நாள்தான் அவர்களிடம் இல்லை.

நியாயமாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆஸ்பத்திரியே இல்லை, மருந்தே இல்லை என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் அது உண்மையாகாது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் அதுவே 20,000 பேருக்கும் 3,000 பேருக்கும் ஒன்று என்பது நாடு முழுக்க வைத்திருக்கும் கணக்கு. அதைக் கட்டி எழுப்பியதில் நம் மாநிலம் பல மாநிலங்களுக்கு முன்னால் நிற்கிறது. 1995-ல் இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. "மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கோ" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது குறைந்ததற்கு அது பெரிய காரணம். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. மதுரை எய்ம்ஸில் இடம் கிடைத்த பிள்ளைகள்கூட அங்கேதான் படிக்க ஆரம்பித்தார்கள். ஆக மாவட்டத்தில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். சாயல்குடிக்கு மேற்கே கருவேலங்காட்டு ஓரத்தில் சர்க்கரை நோயோடு இருக்கும் ஒரு அம்மாவுக்கும் அந்த டாக்டருக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நடுவில் கிடப்பது அன்றைய கூலி. அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது, ஊசிக்கும் மாத்திரைக்கும் கிடையாது. ஆனால் போகிறவருக்கு அன்றைய வேலை போய்விடும், துணைக்கு ஒரு ஆள் போனால் அவர் வேலையும் போய்விடும். 2025-26-க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய், கண்மாயில் வெட்டிய மண்ணின் அளவைப் பார்த்துக் கைக்கு வருவது அதைவிடக் குறையும். இதில் இன்னொரு சிக்கலும் 2023 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. வேலை நடக்கும் இடத்தில் காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ என்று செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு. முன்பெல்லாம் "காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுறேன், பேரை எழுதிக்க தம்பி" என்று பணித்தளப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போக முடிந்தது, வந்து மதியம் வேலையை முடித்துக் கொடுப்பார்கள். இப்போது காலைப் போட்டோவில் முகம் இல்லை என்றால் இல்லைதான். காலை ஓ.பி. நடக்கும் அதே நேரத்தில்தான் அந்தப் போட்டோவும். திருட்டைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு என்கிறார்கள், இருக்கட்டும், ஆனால் சுகர் மாத்திரை வாங்கப் போன அறுபது வயது அம்மாவின் கூலியை அது பிடுங்கிக்கொள்கிறது என்பதை அதைத் தயாரித்தவர்கள் யாராவது யோசித்தார்களா என்று தெரியவில்லை. நகரங்களில் மாலை நேரத்தில் பாலிகிளினிக் நடத்துகிறார்கள். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்காகத்தான் அது. கிராமத்தில் இருப்பவர்களும் வேலைக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்கள்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எழுதியவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதினார்கள். அது சரிதான், எங்கள் பக்கம் நான் பார்த்த மாற்றம் வேறு. என் பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மகனிடம் காசு கேட்க வேண்டும், மகன் மருமகளைப் பார்ப்பான், மருமகள் "போன மாசம்தானே போனீங்க அத்தை" என்பாள், பெரியம்மா ரோஷத்தில் போகாமல் இருந்துவிடுவார். இப்போது யாரிடமும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார். ஒரு சுகாதாரத் திட்டத்தின் பட்டியலிலும் இந்தப் பயணச் சலுகை வராது, ஆனால் வயதான பெண்களை மருந்துச் சீட்டோடு இணைத்து வைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் அடித்துச் சொல்வேன். இதில் ஒரு குறை, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான் இந்தச் சலுகை. எந்தத் தடத்தில் டவுன் பஸ்ஸே ஓடவில்லையோ அந்த ஊர்ப் பெண்ணுக்கு இலவசமும் இல்லை. டவுன் பஸ் ஓடுகிற ஊரிலும், காலையில் போகிற வண்டி ஏழரைக்கு, திரும்புகிற வண்டி மூன்றுக்கு என்றால், பத்து நிமிஷ மருந்துக்கு நாள் முழுக்க ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் நேரடியாகத் தொட்ட திட்டம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம்தான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை, படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை, முடங்கியவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி, வயிற்று வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள். இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதற்கு முந்தைய வருஷத்துக் கணக்கே போதும். 2020-ல் மாநிலம் முழுக்க எடுத்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் இருப்பவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மருந்து ஆஸ்பத்திரியில் மலிந்து கிடந்த காலத்தில்தான் இந்த நிலை. மாதாமாதம், ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்காக மாதாமாதம் ஒரு கூலியை யார் விடுவார்கள்?

இந்தத் திட்டத்தில் எங்கள் ஊருக்கு வருகிற பெண் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். விடிந்தும் விடியாததுமாக, வேலைக்குக் கிளம்புமுன் பிடித்துவிட வேண்டும் என்று வந்துவிடுவார். தோளில் ஒரு பை, அதற்குள் பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் கருவி, ஸ்டிரிப் டப்பா, மாத்திரைகள், ஒரு நோட்டு. போன தடவை நான் ஊரில் இருந்தபோது அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பட்டையைக் கட்டிப் பார்த்தார். பிரஷர் ஏறித்தான் இருந்தது.

"அட்டையக் கொண்டாங்க மதினி, எண்ணிப் பாப்போம்."

அத்தை உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். பாதி மாத்திரை அப்படியே இருந்தது.

"வெறும் வயித்துல போட்டா கிறுகிறுன்னு வருதுடி. கண்மாய்க்குள்ள வெயில்ல நிக்கணும்ல?"

"வெறும் வயித்துல யாரு போடச் சொன்னா? பத்து மணிக்கு எப்படியும் கஞ்சியத் தொறப்பீங்கள்ல, குடிச்சிட்டு அப்பப் போடுங்க. வீட்டுல வச்சிட்டுப் போகாதீங்க, இடுப்புலயே வச்சுக்கங்க."

அத்தை அட்டையை மடித்துச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு மேலே செருகிக்கொண்டார். இந்தப் பேச்சு ஒரு டாக்டருக்கும் அத்தைக்கும் நடந்திருக்கவே நடந்திருக்காது. டாக்டர் கேட்டால் அத்தை "சாப்பிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார், டாக்டர் மாத்திரையை இன்னும் கூட்டி எழுதியிருப்பார். கண்மாய்க்குள் எத்தனை மணிக்குக் கஞ்சி குடிப்பார்கள் என்று தெரிந்த ஒருவர் வந்து கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆனால் இந்த வேலையைச் செய்யும் பெண்களுக்குக் கொடுப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. வீடு வீடாக நடந்து, கணக்கை நோட்டிலும் எழுதி, செல்போனிலும் ஏற்றி, நெட் கிடைக்காத ஊரில் கண்மாய்க் கரை ஏறி நின்று ஏற்றி, அவர்கள் வாங்குவதைக் கொண்டு ஒரு வீட்டை நடத்த முடியாது. இவர்களில் நல்லவர்கள் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போகும்போது அந்த ஊரின் கஞ்சி நேரத்தைத் தெரிந்த ஆளும் போய்விடுவார். இவர்களை முறையான ஊழியர்களாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பாம்புக்கடி வேறு கதை. அங்கே மாதக் கணக்கெல்லாம் கிடையாது, மணிக்கணக்குத்தான். கருவேலம் வெட்டுகிறவர்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள், மிளகாய்க் காட்டில் ராத்திரி காவல் படுக்கிறவர்கள் நிறைந்த ஊர்கள் எங்களுடையவை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது, அதில் பெரும்பங்கு கிராமங்கள். தமிழ்நாடு 2024-ல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் சேர்த்தது, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே விஷமுறிவு மருந்து இருக்க வேண்டும் என்பதும் அரசின் முடிவு. நாட்டுக்கே அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நம் இருளர்கள் கையால் பிடித்து எடுத்துக் கொடுத்த விஷத்தில் செய்த மருந்து, நம் ஊர் ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் தெருவில் ஒருவரைக் கடித்தபோது முதலில் போன இடத்தில் ஊசி போடாமல் "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார்கள், அடுத்த இடத்திலும் அதையே சொன்னார்கள். மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேரும்போது கண்ணிமை தொங்கிவிட்டது. மனுஷன் பிழைத்தார், பல நாள் வென்டிலேட்டரில் கிடந்து.

அங்கே இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். விஷமுறிவு மருந்து சிலருக்கு உடனே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும், மூச்சுத் திணறும், அதைச் சமாளிக்க அட்ரீனலின் ஊசி கையில் இருக்க வேண்டும், அதற்கு மேல் தைரியம் இருக்க வேண்டும். ராத்திரி தனியாக டியூட்டியில் இருக்கும் ஒரு நர்ஸம்மாவிடமோ போன மாதம் வேலைக்குச் சேர்ந்த டாக்டரிடமோ அந்தத் தைரியத்தை நாம் சும்மா எதிர்பார்க்க முடியாது, பழக்கிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி விரியன் மாதிரி ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் பாம்பின் கடியைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம், சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் உறைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கட்டுவிரியன் மாதிரி நரம்பைத் தாக்கும் பாம்பு என்றால் இமை தொங்குவதே சாட்சி. விஷம் ஏறியது தெரிந்தால் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி ஏற்ற வேண்டும், அதை ஏற்றத் தொடங்கிவிட்டு 108-ல் அனுப்பினால் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நேரம் வீணாகாது. மருந்து ஃபிரிட்ஜில் இருப்பதும் மருந்து உடம்புக்குள் போவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அறிக்கை எழுதுகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மலையில் இந்த மணிக்கணக்கு இன்னும் கொடூரமானது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலைக்கிராமத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தது. திரும்பி வரும்போது ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தார். அந்தச் செய்தி வந்த பிறகுதான் அந்த மலைக்கு ரோடு போடுவது பற்றி எல்லோரும் பேசினார்கள். ரோடு வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கிற சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் ஆரம்பித்தார்கள், அந்த ஊர்களின் மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள், குழந்தைச் சாவு அங்கே எவ்வளவோ இறங்கியது. அரசும் மலை ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே கர்ப்பிணி துணைக்கு ஒரு ஆளோடு வந்து தங்கிக்கொள்ளலாம், சாப்பாடு உண்டு. வலி வந்த பிறகு டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ரொம்ப எளிமையான யோசனை, ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று யோசித்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

பிரசவம் என்றதும் இன்னொன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். தவணை தவணையாக வரும், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிபந்தனை: 12 வாரத்துக்குள் பதிவு, பரிசோதனைகள், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி. நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது மாறாத வழக்கம். பெண் மாமியார் ஊரில் பதிவு செய்வாள், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வருவாள், பிரசவம் இங்கே, தடுப்பூசி பாதி இங்கே பாதி அங்கே. இந்த ஊர் நர்ஸம்மா "அங்கே பதிஞ்சிருக்கு, அங்கே போய்க் கேளு" என்பார், அந்த ஊர் நர்ஸம்மா "இங்கே நீ வரவே இல்லையே" என்பார். கைக்குழந்தையோடு அவள் ரெண்டு ஊருக்கும் அலைவாள். பதிவு எண் ஒன்றுதான், கணினியும் ஒன்றுதான், இருந்தும் தவணை நிற்கிறது. தாய்வீட்டுப் பிரசவம் என்பது என்றைக்கோ ஒரு தடவை நடக்கிற விதிவிலக்கா? பாதிப் பேருக்கு நடப்பதை விதியாக வைத்துத்தானே படிவம் போட வேண்டும்?

முதியோர் பணத்துக்கு வருகிறேன். 1962-ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்த திட்டம், 2011-ல் ஆயிரம், 2023-ல் 1,200. இதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெறும் 200 ரூபாய், அது எத்தனையோ வருஷமாக ஏறவே இல்லை. அந்தக் காலத்தில் போஸ்ட்மேன் மணியார்டரைக் கொண்டுவந்து திண்ணையில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார், அவர் கைக்கு ஐந்தோ பத்தோ போகும் என்பது வேறு விஷயம். இப்போது வங்கிக்குப் போய்விட்டது, வங்கியின் சார்பில் ஊருக்கு வரும் முகவர் கைரேகை மெஷினைக் கொண்டுவருவார். என் அப்பத்தா வாழ்க்கையில் பாதியைக் கரிமூட்டத்தில் கழித்தவர். விரல் நுனியில் ரேகை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை, தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். முகவர் பையன் நல்லவன், ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இந்த விரல வைங்க ஆத்தா, இப்ப அந்த விரல வைங்க" என்று பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வான், மெஷின் சிவப்பு லைட்டையே காட்டும். அப்புறம் அப்பத்தாவை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, வங்கிக் கிளைக்கே கூட்டிப்போக வேண்டும். அவருடைய பணத்தை அவருக்குக் கொடுக்க, மூன்று பேருக்கு ஒரு நாள். கைரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி விதியிலேயே உண்டு என்று கிளையில் சொன்னார்கள். உண்டுதான், ஆனால் அந்த வழி கிளையின் கவுண்ட்டரில் இருந்தது, அப்பத்தாவின் திண்ணையில் இல்லை. அந்த மாற்று வழியை முகவரின் பைக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும்.

இது முடியாத காரியம் இல்லை. ரேஷன் கடையைப் பாருங்கள். அரிசி வாங்க யாரும் மாவட்டத் தலைநகருக்குப் போவதில்லை, சின்ன ஊருக்குக்கூட வாரத்தில் சில நாள் திறக்கும் பகுதிநேரக் கடை உண்டு. அதிலும் நடக்க முடியாதவர்களுக்காக, 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. அரிசி வீட்டுக்கு வர முடிகிறது, மாத்திரை வீட்டுக்கு வர முடிகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு மட்டும் நடக்க முடியாத ஒருவர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கும் டாக்டர் இருக்கிற நாளுக்கும் ஒத்துப்போகிற தேதியைத் தேடி எத்தனையோ தடவை அலைகிறார். 2025-ல் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்களில் எல்லாச் சிறப்பு டாக்டர்களும் ஒரே இடத்துக்கு வந்து பரிசோதிப்பதோடு அந்தச் சான்றிதழும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முகாம் என்பது ஒரு நாள் கூத்து என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே நாளில், ஒரே பந்தலில், டாக்டர், சான்றிதழ் எழுதுகிறவர், அதை வைத்து உதவித்தொகைக்கு மனு வாங்குகிறவர் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை கூலி மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட வழியில்லாமல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, காப்பகங்களை மூடினார்கள், அங்கிருந்தவர்களை அரசு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மனநோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்கு ஜனங்கள் வருவது நிற்கவில்லை, எப்படி நிற்கும்? சொந்த ஊரில் மனநலத்துக்கு டாக்டர் கிடையாது, தர்காவில் ஆறுதல் உண்டு, மதம் எதுவானாலும் படுக்க இடம் உண்டு. பல வருஷம் கழித்து அரசு செய்த சரியான காரியம், தர்காவுக்குப் பக்கத்திலேயே மனநல சிகிச்சை கிடைக்க வழிசெய்தது. துவாவும் (பிரார்த்தனை) நடக்கட்டும், தவாவும் (மருந்து) நடக்கட்டும் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். நம்பிக்கையைக் கேலி செய்யாமல், ஜனங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் இடத்தில் மாத்திரையைக் கொண்டுபோய் வைத்தார்கள். இதே யோசனை வாரச் சந்தைக்கும் பொருந்தும், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கும் பொருந்தும். இருநூறு பேர் ஒரே இடத்தில் கூடி நிற்கும் கண்மாய்க்கரைக்கு மாதம் ஒருமுறை நர்ஸம்மா வந்து பிரஷர் பார்த்தால், காலைப் போட்டோவும் கெடாது, கூலியும் கெடாது.

இதை யாரிடம் கேட்பது என்றால், கிராம சபை இருக்கிறது. வருஷத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. ரோடு, தெருவிளக்கு, தண்ணீர் என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். அங்கே கேட்க வேண்டியவை எனக்குத் தெரிந்த வரையில் இவை: நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இன்று எத்தனை குப்பி இருக்கிறது, ராத்திரி அதைப் போடப் பயிற்சி பெற்றவர் யார், நர்ஸம்மா ஊருக்கு வரும் நாளும் நேரமும் எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது, கைரேகை விழாத முதியவர்கள் நம் ஊரில் யார் யார், அவர்களுக்குப் பணம் வீட்டில் வைத்துக் கொடுக்க வங்கி என்ன செய்யப் போகிறது, ஓ.பி. முடிகிற நேரத்துக்குத் திரும்புகிற மாதிரி டவுன் பஸ் நேரத்தை மாற்றப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தீர்மானம் போடலாமா; ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் அன்றைய காலைப் போட்டோ இல்லாமலேயே அரை நாள் கூலியாவது கொடுக்கச் சொல்லி மேலே எழுதலாமா. கேட்டுவிட்டு வந்தால் போதாது, தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் உண்டு, அதனால் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள், கையோடு அந்தப் பக்கத்தைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.